மாத்தேரான்ல நமக்கு யாரு இருக்கா?

எங்கள் குடும்பத்தில் லீவு என்றால் ஊர். ஊர் என்றால் திருநெல்வேலிச் சீமையில் மூன்று தெரு, ஒரு சாஸ்தா கோயில், கணக்கில்லாத பங்காளிச் சண்டைகள். தாத்தா தாராவிக்கு வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருஷமும் மே மாதம் தாதரில் ரயில் ஏறி, ஊரில் ஏதாவது வரப்புத் தகராறில் தலையைக் கொடுத்து, கருத்துப்போய் ஜூனில் திரும்புவதைத்தான் உல்லாசப் பயணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

2024 மே மாதம் நான் வாயைத் திறந்தேன். "இந்த வருஷம் ஊருக்கு வேண்டாம். எல்லாரும் சேர்ந்து மாத்தேரான் போவோம். ரெண்டு ராத்திரி. லாட்ஜ் நான் புக் பண்ணுதேன்."

ஆச்சி வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி, மாத்தேரான்ல நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல ஆச்சி."

"யாருமே இல்லாத ஊருக்கு எதுக்குட்டி போணும்? அங்க போயி யாரப் பாக்க?"

மலையைப் பார்க்க என்றேன். மலையை எதற்குப் பார்க்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை என்னிடம் ஆச்சிக்குத் தகுந்த பதில் இல்லை.

குடும்பம் மூன்று இடத்தில் இருக்கிறது. சித்தப்பா தாராவியிலேயே, தோல் பை, பெல்ட், பர்ஸ். ஆச்சியும் நாங்களும் அதே சந்தில், பத்துக்குப் பதினைந்து ரூமில். பெரியப்பா எல்.ஐ.சி. ஏஜென்ட், செம்பூருக்குக் குடிபோய் இருபது வருஷம் ஆகிறது, அதிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளிப்பார். அத்தை மாட்டுங்கா லேபர் கேம்பில். விலாசத்தில் மாட்டுங்கா, ஜன்னலைத் திறந்தால் தாராவி. யாராவது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் அத்தை "மாட்டுங்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். லேபர் கேம்ப் என்கிற மிச்சம் அவள் தொண்டையிலேயே நின்றுவிடும். அத்தைக்கு இட்லி மாவு வியாபாரம். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆள் கணக்கு பதினாலு. நாலு ரூம் போட்டேன். "நாலு ரூமா? ஒரு ரூமுக்குப் பதினாலு பேர் தாராளமா இருக்கலாமே" என்றார் சித்தப்பா. பெரியப்பாவுக்குக் கவலை வேறு: "எல்லாம் ஒரே மாடிதானே? இவியள் பாட்டுக்கு என் ரூமுல வந்து படுத்துறப் போறாவ."

ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது. மலைக்குப் போவதாக முடிவானதும் பயிற்சியில் இறங்கிவிட்டாள். செட்டா நகர் திருச்செம்பூர் முருகன் கோயிலுக்கு மூன்று செவ்வாய்க்கிழமை தொடர்ந்து போய், படி முழுக்க உட்காராமல் ஏறி இறங்கினாள். கூடப் போன நான் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

கிளம்புகிற அன்று காலை ஐந்தே முக்காலுக்குக் குர்லா ஸ்டேஷனில் சேர்வதாகப் பேச்சு. செம்பூர்க்காரர்கள் ஹார்பர் லைனில் வந்து இறங்கினார்கள். தாராவிக்காரர்கள் சயானில் ஏறி வந்தோம். அத்தை வந்தபோதுதான் தெரிந்தது, அவள் கையில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி.

"என்ன அது?"

"மாவு. பன்னெண்டு கிலோ. பிள்ளையள் பட்டினி கெடக்கணுமா?"

மாமா தலையில் இட்லிக் கொப்பரை. மகன் கையில் தேங்காய்த் துருவி. பையில் எட்டுத் தேங்காய், மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். லாட்ஜில் சாப்பாடும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறது என்று நான் சொன்னது, உள்ளே வந்த கர்ஜத் லோக்கலின் சத்தத்தில் போய்விட்டது. கர்ஜத் வண்டியில் விடியற்காலையிலும் எப்படி இடம் பிடிப்பது என்பது தனிக் கட்டுரை. வாளிக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது.

நேரலில் இறங்கினால் குட்டி ரயில். இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், வளைந்து வளைந்து மலை ஏறும். வாளியை இறக்கி ஏற்றியதில் நாங்கள் வரிசையில் பின்னால் போய்விட்டோம். எட்டு டிக்கெட்தான் கிடைத்தது. ஆச்சி, பெரியப்பா, பெரியம்மா, புதுசாகக் கல்யாணமான பெரியப்பா மகனும் அவன் பெண்டாட்டியும், இரண்டு வாண்டுகள், நான். எட்டுப் பேர் ஆயிற்று. மீதிப் பேரும் மூட்டைகளும் டாக்ஸியில் வருவதாக ஏற்பாடு. வாளி மட்டும் ஆச்சியின் கால்களுக்கு நடுவில். டாக்ஸி குலுக்கும் என்று அத்தைக்குப் பயம்.

வண்டி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஏறியது. அதன் வேகத்தில் எங்கள் சந்தில் தண்ணீர்க் குடத்தோடு நடக்கலாம். மொத்தப் பாதைக்கும் ஒரே ஒரு சுரங்கம். அது கடப்பதற்குள் ஒரு முத்தம்தான் கொடுக்க முடியும் என்று அதற்கு 'ஒன் கிஸ் டனல்' என்றே பெயர். இந்த விவரத்தைப் புது ஜோடி முன்கூட்டியே கூகுளில் படித்துவைத்திருந்தது போலிருக்கிறது. ஜன்னல் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கம் வந்தது. பெட்டி இருண்டது. "பிள்ளையள் பயப்படும்லா" என்று ஆச்சி தன் பட்டன் போனில் டார்ச்சைப் போட்டு நேராக அந்த ஜன்னல் பக்கம் அடித்தாள். வெளிச்சத்தில் பெரியப்பா மகன் மிகுந்த அக்கறையோடு சுரங்கத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் போனில் படித்து எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். 1850 மே மாதம் தானாவின் கலெக்டராக இருந்த ஹ்யூ மேலட் என்கிற வெள்ளைக்காரர் இந்த மலையைக் கண்டுபிடித்தார் என்றேன். "அதுக்கு முன்னால இங்க இருந்தவன்லாம் கண்ண மூடிட்டா இருந்தான்?" என்றார் பெரியப்பா. அத்தோடு வரலாற்றை நிறுத்திக்கொண்டேன்.

இனி வருவதற்கு நான் பொறுப்பல்ல. பெரியம்மாதான் முதலில் பார்த்தாள். வண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. பலகையில் 'அமன் லாட்ஜ்' என்று எழுதியிருந்தது.

"லாட்ஜ் வந்துட்டு! வாசல்லயே நிறுத்துதானே, பரவாயில்லையே!"

பெரியப்பா எழுந்தார். இருபது வருஷச் செம்பூர் வாழ்க்கையில் வராத வேகம். "எறங்குங்க, எறங்குங்க, ரெண்டு நிமிசந்தான் நிப்பான்!" லோக்கல் ரயிலில் வளர்ந்த குடும்பம், இறங்கு என்று ஒருவர் கத்தினால் ஏன் என்று கேட்கிற பழக்கம் கிடையாது. எட்டுப் பேரும் வாளியும் இருபது நொடியில் பிளாட்பாரத்தில் நின்றோம். அமன் லாட்ஜ் என்பது ஸ்டேஷனின் பெயர், எங்கள் லாட்ஜின் பெயர் அல்ல, மாத்தேரான் அடுத்த ஸ்டேஷன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வண்டியின் வால் வளைவில் மறைந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "நீங்க என்ன இங்கன நிக்கிய?"

சித்தப்பா! காரோ டாக்ஸியோ தஸ்தூரி நாக்காவைத் தாண்டி மாத்தேரானுக்குள் போகக்கூடாது. 2003இல் சுற்றுச்சூழல் ரீதியாக நுட்பமான பகுதி என்று மத்திய அரசு அறிவித்த மலை இது. டாக்ஸி எல்லாரையும் அங்கேதான் இறக்கிவிடும். தஸ்தூரி நாக்கா இருப்பது அமன் லாட்ஜ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். வெவ்வேறு வழியாக வந்த பதினாலு பேரும், ஒருவர் செய்த தப்பினால், ஒரே இடத்தில் சரியாகச் சந்தித்தோம். பெரியப்பா இதைத் தன் திட்டம் என்றே பிற்பாடு செம்பூரில் சொல்லிவந்தார்.

இனி இரண்டரைக் கிலோமீட்டர் செம்மண் பாதை. குதிரைக்காரர்கள் சூழ்ந்தார்கள். சித்தப்பா ஒரு குதிரையை நெருங்கி, அதன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சேணத்தைத் தட்டினார். "எருமத்தோல். தையல் விட்டுப்போச்சு. மெழுகு நூல் போட்டுத் தைக்கணும்" என்று பம்பாய் இந்தியில் குதிரைக்காரருக்குப் பாடம் நடத்தினார். குதிரைக்காரர் சவாரிக்கு விலை சொன்னார். சித்தப்பா சேணத்துக்கு விலை சொன்னார். பேச்சு அங்கேயே முறிந்தது.

ஆச்சி குதிரைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். "சாஸ்தா வாகனம். அதுல நான் குண்டிய வச்சு உக்காரதா?" கை ரிக்‌ஷா ஒன்று வந்தது. முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் இருவர் தள்ளினார்கள். ஆச்சி அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மனுசன மனுசன் இழுக்கதா? எனக்குக் கால் இருக்கு." அடுத்த வருஷம், 2025 ஆகஸ்டில், மாத்தேரானில் கை ரிக்‌ஷாவை ஆறு மாதத்துக்குள் நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. செய்தியை வாசித்துக் காட்டினேன். "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றாள், நீதிபதிகள் கொஞ்சம் மெத்தனம் என்கிற மாதிரி.

ஆகவே நடை. மூட்டைகளை உள்ளூர்ப் பெண்கள் தலையில் ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்விட்டார்கள். வாளியை மட்டும் அத்தை யாரிடமும் தரவில்லை. சித்தப்பா வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். அப்போது அவர் வாயை அடைக்க, போனில் படித்த மிச்சத்தைச் சொன்னேன்.

"சித்தப்பா, இந்தத் தண்டவாளம் யார் போட்டது தெரியுமா? அப்துல் ஹுசேன் ஆதம்ஜி பீர்பாய். 1904ல ஆரம்பிச்சு 1907ல முடிச்சாரு. பதினாறு லட்சம் செலவு. பணம் அவரு அப்பா சர் ஆதம்ஜி பீர்பாய் குடுத்தது. அவருக்குப் பட்டாளத்துக்குப் பூட்ஸு செஞ்சு குடுக்கிற தொழில். தாராவியில தோல் ஆலை வச்சிருந்தாரு."

சித்தப்பா நின்றுவிட்டார்.

"தாராவியிலயா?"

"தாராவியில."

"தோலா?"

"தோல்."

எங்கள் கொள்ளுத்தாத்தாவும் ஊரிலிருந்து ஒருதரம் பம்பாய்க்கு வந்து தாராவியில் ஏதோ ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. எந்த ஷாப்பு, எந்த வருஷம், யாருக்கும் தெரியாது. அதெல்லாம் சித்தப்பாவுக்குத் தேவைப்படவில்லை. செம்மண் பாதையின் நடுவில், ஒரு கையில் துருவியோடு நின்று, அவர் ஒரு நிமிஷத்தில் தீர்ப்பெழுதினார்.

"அப்போ இந்த ரயிலு நம்ம தோலு காசுல போட்டது."

அதற்குப் பிறகு அவர் நடையே மாறிவிட்டது. தண்டவாளத்தை உதைத்துக்கொண்டு வந்த வாண்டை அதட்டினார்: "ஏல, மிதிக்காத. நம்ம சொத்து." எதிரே வந்த ஷட்டில் வண்டியின் டிரைவருக்குக் கையை உயர்த்தினார். டிரைவரும் ஏனென்று தெரியாமல் உயர்த்தினார்.

சாயங்காலம் கடைத்தெரு. மாத்தேரானில் வாங்க வேண்டியது இரண்டு: செருப்பு, சிக்கி. அத்தை ஒரு கடையில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு தோல் பர்ஸ் வாங்கி, மலைச் சரக்கு என்று பெருமையாகக் காட்டினாள். சித்தப்பா பிரித்து, உள் மடிப்பைப் புரட்டி, தையலின் முடிச்சைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரே, அந்த மாதிரி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகச் சொன்னார்: "நம்ம பட்டறைக்கு நாலாவது வீட்டுச் சரக்கு. நூத்தி இருவது ரூவா." சிக்கியின் கதை அதைவிட மோசம். ஆச்சி ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "கடல முட்டாயி. பாகு பதம் பத்தல" என்றாள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் அந்தக் குறியீடு ஆச்சியின் நாக்கில் அதற்கு முன்பே இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் ஆச்சி அசந்துபோனாள். பாதை ஓரத்தில் ஆதிவாசிப் பெண் ஒருத்தி இலைப் பொட்டலத்தில் கருப்பாகச் சின்னப் பழம் விற்றுக்கொண்டிருந்தாள். மராத்தியில் கர்வந்தா. ஆச்சி ஒன்றை வாயில் போட்டாள், கண்ணை மூடினாள். "களாப்பழம்ட்டி!" என்றாள். "எங்க அம்ம வீட்டுப் பொத்தையில பறிச்சுத் தின்னது. இது இங்க எப்படி வந்துச்சு?" இதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைதான் ஆச்சி, குத்தாலத்து மலையோட இந்தக் கோடி என்றேன். "அப்பிடியா" என்று அந்தப் பெண்ணின் மொத்தப் பொட்டலத்தையும் வாங்கினாள்.

ராத்திரிதான் பெரிய சோதனை. தாராவியில் எங்கள் தலைமாட்டில் தையல் மிஷின், கால்மாட்டில் பக்கத்து வீட்டு டி.வி., மேலே யாரோ நடக்கிற தகரச் சத்தம். இங்கே ஒன்றுமே இல்லை. பத்து மணிக்கு விளக்கணைத்தபிறகு ஒரு இலை விழுந்தது. அதைக் கேட்டு மூன்று பேர் எழுந்தோம். "செத்த வீடு மாரி இருக்கு" என்று சித்தப்பா தலையணையோடு எங்கள் ரூமுக்கு வந்தார். அப்புறம் சித்தி. அப்புறம் அத்தை, மாமா, பிள்ளைகள். ஒரு மணிக்குக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. பெரியப்பா. "அங்க ஏசி ஒத்துக்கல" என்றார். அந்த லாட்ஜில் ஏசி கிடையாது. புது ஜோடியைத் தவிர மீதிப் பன்னிரண்டு பேரும் ஒரே ரூமில், ஒருவர் காலடியில் ஒருவர் தலை வைத்து, குறட்டைச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கினோம்.

நாலரைக்கு எல்லாரும் எழுந்தாயிற்று. அது எங்கள் சந்தில் தண்ணீர் வரும் நேரம். சித்தி பாதித் தூக்கத்தில் பாத்ரூம் வாளியைப் பிடித்து நிரப்பி, பிறகு மக்கை நிரப்பி, பிறகு குப்பைக்கூடையையும் கழுவி நிரப்பினாள். நாள் முழுக்கத் தண்ணீர் வரும் என்று சொன்னதை அவள் நம்பவில்லை.

ஆறு மணிக்கு லாட்ஜின் 'ஆக்டிவிட்டி' பையன் விசில் ஊதிக்கொண்டு, எங்களை எழுப்ப வந்தான். பதினாலு பேரும் குளித்து, திருநீறு பூசி, வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து அவனையே பார்த்தோம். பையன் விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

பள்ளத்தாக்கைக் கம்பியில் தொங்கிக் கடக்கிற விளையாட்டுக்குக் கூட்டிப்போனான். கையெழுத்துப் போட ஒரு காகிதம் கொடுத்தார்கள்: உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பல்ல. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதாகப் படித்தார். முப்பது வருஷ ஏஜென்ட். சின்ன எழுத்து என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். "நாமினி காலமே இல்லையே தம்பி" என்றார். பிறகு அந்தப் பையனை ஓரமாக உட்காரவைத்தார். தினமும் கம்பியில் தொங்குகிறாயே, உனக்குப் பாலிசி இருக்கிறதா? அம்மா இருக்கிறார்களா? கல்யாணம்? கம்பியில் யார் போனார்கள் யார் வந்தார்கள் என்று பெரியப்பா கடைசிவரை பார்க்கவே இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அவர் பையில் பூர்த்தி செய்த இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன.

போனது அத்தை. ஆம், அத்தைதான். புடவைக்கு உள்ளே மகளின் டிராக் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பட்டை கட்டி, "முருகா" என்று காலை எடுத்தாள். வழுக்கிக்கொண்டு போய் நட்டநடுவில், கீழே அத்தனை ஆழம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்க, ஒரு கணம் அப்படியே நின்றாள். நாங்கள் மூச்சைப் பிடித்தோம். அங்கிருந்து குரல் வந்தது:

"ஏங்க, சிலிண்டர மூடுனீயளா?"

மாமா வெலவெலத்துப்போனார். "மூடுனேன், மூடுனேன்!" என்று கத்திவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "மூடுனேனாடே?" என்றார். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, அவர்கள் பூட்டிய கதவில் மூக்கை வைத்து மோந்து பார்த்துச் சொல்லும்வரை அத்தையை யாரும் கவனிக்கவில்லை. அவள் அந்தக் கரையில் தனியாக நின்று, தானே தனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

எக்கோ பாயிண்டில் ஆளாளுக்குப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஆச்சி ஒதுங்கி நின்றாள். நீயும் கூப்பிடு ஆச்சி என்றோம். யாரைக் கூப்பிட? ஆச்சிக்குக் கூப்பிடத் தெரிந்தது ஒரே மாதிரிதான். எங்கள் சந்தில் ஆண்பிள்ளை யாராக இருந்தாலும், பேரனோ பக்கத்து வீட்டுக்காரனோ, எல்லாரும் தம்பி. கையை வாயருகே குவித்து இழுத்தாள்: "ஏ… தம்பீ…"

மலை திருப்பிச் சொன்னது. கடைசி எழுத்தை மட்டும் அது திரும்பத் திரும்பச் சொன்னதில் வாண்டுகள் தரையில் விழுந்து சிரித்தன. ஆச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நாம சொன்னதையே சொல்லுதான். என்னன்னு ஒருத்தன் கேக்க மாட்டேங்கான்."

இதற்கிடையில் வாளி. மே மாத வெயிலில் ரயில், நடை, லாட்ஜ் என்று அலைந்த மாவு முதல் நாளே பொங்கத் தொடங்கி, இரண்டாம் நாள் காலை 'டப்' என்று மூடியை எறிந்துவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டது. ஒரு குரங்கு மூடியை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறியது. இன்னொன்று முழங்கை வரை உள்ளே விட்டு எடுத்து, கையை மோந்து, நக்கி, முகத்தைச் சுளித்து, கையைத் தன் நெற்றியிலேயே துடைத்தது. பட்டை போட்ட மாதிரி மூன்று வெள்ளைக் கோடு. ஆச்சி என்னவென்று நினைத்தாளோ, விரட்டவந்த மாமாவைத் தடுத்துவிட்டாள்.

மிச்ச மாவோடு ஆச்சி லாட்ஜ் சமையற்கட்டுக்குள் நுழைந்தாள். உள்ளே சமையல் செய்கிற மவுசி, மராத்திக்காரி, ஆச்சியைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். ஆச்சிக்கு மராத்தி 'இக்கடே, திக்கடே' வரை. மவுசிக்குத் தமிழ் பூஜ்யம். கொப்பரை வைத்து இட்லி அவித்தார்கள். எங்களுக்கு, வேலையாட்களுக்கு, பக்கத்து ரூம் குஜராத்திக் குடும்பத்துக்கு. அதன்பிறகும் இரண்டு மணி நேரம் இருவரும் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மவுசி பாக்ரி தட்டிக்கொண்டிருந்தாள். ஆச்சி தேங்காய் துருவிக்கொண்டே தன் மூத்த நாத்தனாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், திருநெல்வேலித் தமிழில், ஒரு சொல் மாற்றாமல். மவுசி சரியான இடங்களில் 'அய்யய்யோ' என்றாள்.

இறங்குகிற அன்று மவுசி ஒரு துணியில் பாக்ரியும் மிளகாய்த் தேச்சாவும் கட்டிக் கொடுத்தாள். ஆச்சி கொப்பரையைக் கொடுத்தாள். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆச்சி பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஆச்சியின் பட்டன் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு, "மாத்தேரான்லருந்து ஆள் வருது" என்றாள், ஏதோ அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிற மாதிரி. மவுசியின் கடைசி மகன். மும்பையில் ஏதோ பரீட்சை. இரண்டு நாள் தங்க வேண்டும்.

வந்தான். கூச்ச சுபாவம், பூனை மீசை. எங்கள் ரூமில் ஏழாவது ஆளாகப் படுத்தான். முதல் ராத்திரி ஒரு பொட்டுத் தூங்கவில்லை. தையல் மிஷின் சத்தம். பரீட்சை முடிந்த சாயங்காலம் சித்தப்பா அவனைச் சுற்றிக்காட்டக் கிளம்பினார். மாத்தேரானில் உங்களுக்கு முப்பது பாயிண்டுக்கு மேல் இருக்கிறதல்லவா, எங்களுக்கும் இருக்கிறது என்று இந்தியில் அறிவித்துவிட்டு, தொண்ணூறு அடி ரோடு பாயிண்ட், கும்பார்வாடா பாயிண்ட், பிள்ளையார் கோயில் பாயிண்ட் என்று வரிசையாகக் காட்டினார். கடைசியில் தன் பட்டறைக்குக் கூட்டிப்போய், "உங்க ஊரு ரயிலு இந்தத் தோலுலதான் ஓடுது" என்றாராம். பையன் அதற்கும் தலையாட்டியிருக்கிறான்.

ராத்திரி அவன் சாப்பிட உட்கார்ந்தான். தயிர் தீர்ந்துபோயிருந்தது. வாங்கிவர ஆள் வேண்டும். ஆச்சி வாசற்படிக்குப் போய், கையை வாயருகே குவித்து இழுத்தாள்:

"ஏ… தம்பீ…"

எதிர் வீட்டிலிருந்து ஒன்று, மாடியிலிருந்து ஒன்று, சந்தின் முனையிலிருந்து ஒன்று, எங்கிருந்தோ இருட்டிலிருந்து இன்னொன்று:

"என்ன ஆச்சீ?"

மாத்தேரான் பையன் சோற்றுக் கையோடு எழுந்து வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான்.